சுட்டெழுத்து

எங்கள் கோப்பில் முனிரத்தினம் இரண்டு பேர்.
சாயம்மாவின் தம்பி ஒருவர்,
சாயம்மாவின் மகள் ராஜகுமாரிக்குப் புருஷன் இன்னொருவர்.
மரம் மாதிரி எழுதும் கோப்பு அது,
கிளைக்குக் கீழே கிளை.
கிளை திரும்பி வந்து
தன் அடிமரத்தையே கட்டிக்கொள்ளும் என்று
அதை எழுதினவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பள்ளிப்பட்டிலிருந்து அது நகரிக்குப் போனது.
காது சோதனைக்கு வராத இரண்டாம் முனிரத்தினத்தைத் தேடி
சுகாதாரப் பணியாளர் சுவர்ணலதா
ஏகாம்பரகுப்பத்துக்கு மூன்று நடை நடந்தாள்,
மே மாத வெயிலில்.
மூன்று தடவையும்
விசைத்தறியை நிறுத்தாமலே அவர் கத்தினார்:
நேனே அம்மா, நேனே.
நான்தான்.

அவர்கள் கோப்பு வேறு தினுசு.
ஆளுக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு எண்,
உறவெல்லாம் எண்ணைக் காட்டும்.
எங்கள் நிரல் அதைத் திறந்து
தம்பியிலிருந்து அக்காவுக்கு, அக்காவிலிருந்து மகளுக்கு,
மகளிலிருந்து புருஷனுக்கு, புருஷனிலிருந்து அக்காவுக்கு.
வெள்ளி மாலை ஓடவிட்டுப் போனேன்.
திங்கள் காலையும் சுற்றிக்கொண்டிருந்தது.
செக்குமாடாவது நடுவில் தண்ணீர் குடிக்கும்.

ஆகவே ஒரு சனிக்கிழமை, நகரி.
ஜன்னலில் மூக்கு மலை.
காது பார்க்கும் அறைக்குப் பின்னால் ஒரு மேசை;
சத்தம் புகாத சுவருக்கு இந்தப் பக்கம்
எல்லாச் சத்தமும் எங்களுக்கு.
வெங்கடமுனிக்குத் தமிழ் வரும், கோபம் வந்தால் தெலுங்கு.
எனக்கு நேர் எதிர்.

பதினொரு மணிவரை தேதிக்குச் சண்டை,
நாள் முன்னாலா ஆண்டு முன்னாலா.
பிறகு பெயருக்கு.
எங்களுக்கு அப்பாவின் எழுத்து முன்னால்,
அவர்களுக்கு வீட்டுப் பெயர்.
எழிலரசி அங்கே போய் எளிலரசியாகத் திரும்புகிறாள்
என்று புகார் சொன்னேன்.
"உங்க ழ-வை நாங்க எதுல எழுதறது?" என்றார்.
பெயரை அவரவர் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம்,
எண் மாறக்கூடாது
என்று முடிவானபோது டீயில் ஆடை படர்ந்திருந்தது.

ஒருவரை ஒருமுறைதான் எழுதுவது,
மற்ற இடங்களில் சுட்டிக்காட்டுவது.
இதில் சண்டை வரவில்லை. சுவர்ணலதாவின் செருப்பு
வாசலில் கிடந்தது, வார் அறுந்து.
சுட்டுவதற்கு என்ன குறி?
நான் நட்சத்திரம் என்றேன், அவர் அம்பு.
பிறகு அவரே, பேச்சுவாக்கில்,
"இதி... அதி" என்று வரிகளைத் தொட்டார்.
ஆறாம் வகுப்பு இலக்கணம்
எனக்குள் எழுந்து உட்கார்ந்தது.
ஆள் இருக்கும் வரிக்கு இ: இதோ, இவர்.
மற்ற இடமெல்லாம் அ: அதோ, அவரேதான்.
அ வந்தால் நிரல் போய்ப் பார்க்கலாம்,
முன்பே பார்த்த ஆள் என்றால்
பேசாமல் திரும்ப வேண்டும்.

சோதனைக்கு முனிரத்தினம் வீட்டையே ஏற்றினோம்.
பாதியில் நின்றது.
ராஜகுமாரியின் மூன்றாவது பிள்ளை.
இரண்டு நாள். பெயர் வைக்கவில்லை.
எங்கள் கோப்பில் வெறும் இடம்.
அவர்கள் கோப்பில் 'லேது'.
தெரியாததற்கும் லேது, இல்லாததற்கும் அதே லேது.
தாயின் வரி மட்டும்
மூன்று பேரைச் சுட்டிக்கொண்டிருந்தது,
மூன்றாம் விரலுக்கு எதிரே யாருமில்லாமல்.

எங்களிடம் இன்னொரு சுட்டு உண்டு என்றேன், உ.
அருகிலும் இல்லை, தொலைவிலும் இல்லை;
எங்கள் பக்கம் யாரும் இப்போது பேச்சில் சொல்வதில்லை,
இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாமே.
எனக்கு அது அழகாகப் பட்டது.
வெங்கடமுனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வத்து. இன்னொரு குறி, இன்னொரு தப்பு.
பேர் கட்டாயம் இல்லேன்னு எழுதுங்க.
நம்பர் கட்டாயம்."

எழுதினேன்.
இ ஏழு. பெயர் இல்லை. பெண்.
தாய் அ நான்கு, தந்தை அ மூன்று.

மொத்தம் ஏழு பேர் என்றது திரை.
எங்கள் பழைய கோப்பிலும் ஏழுதான்:
ஒருவரை இருமுறை எண்ணி,
ஒருத்தியை விட்டு.
கூட்டுத்தொகை சரியாக இருந்ததால்
இத்தனை மாதம்
நான் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை.